டப்பாவுக்கு வைத்த பேர்

சங்குத்திட்டு,
பழவேற்காடு
12.6.2024

என் நைனாவுக்கு ஆயா எழுதுவது.

நீ ஐதராபாத்திலிருந்து அனுப்பிய ஹார்டு டிஸ்க் டப்பா வந்து சேர்ந்தது. கூரியர்காரன் பொன்னேரியோடு நின்றுவிட்டான். உங்கப்பன் மாணிக்கம்தான் போய் வாங்கி வந்தான். பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பீடிக்கட்டு சைசுல கீது, இதுக்குள்ளயா ஊர்ப் பொம்பளைங்க பேசறது அடங்கும்?" என்றான். என் பேரன் அனுப்பினால் அடங்கும் என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்தேன்.

போனில் பேசாமல் ஏன் காகிதம் என்று கேட்காதே. நான் போட்டால் உனக்கு மீட்டிங். நீ போட்டால் இங்கே சிக்னல் இல்லை. இந்த ஆயா ஐந்தாவது வரை படித்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா என் கையெழுத்தைக் காட்டித்தான் மற்ற பிள்ளைகளை அடிப்பார்கள். அந்தக் கையெழுத்து வீணாகக் கிடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நீயும் காகிதத்திலேயே பதில் போடு. நாலு பேருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

முகத்துவாரத்துப் பக்கம் ஒரு கம்பெனி புதுத் துறைமுகம் கட்டப் போகிறது என்று சொன்னேனே, அதற்கு மாசி மாதத்தில் பொன்னேரியில் கூட்டம் போட்டு ஜனங்களைக் கருத்துக் கேட்கிறார்களாம். நம் பெண்கள் மைக்கைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்கள். மீன் ஏலக்கரையில் பேசுகிற பேச்சில் பாதிகூட அங்கே வராது. நீ சொன்ன யோசனைதான் நல்லது. இங்கேயே வீடியோ எடுத்து அனுப்புகிறோம். நீ ஒழுங்கு பண்ணி ஒரு படமாக்கிக் கொடு. கூட்டத்தில் போட்டுக் காட்டலாம்.

ஒரு சந்தேகம். டப்பாவைச் சுபஸ்ரீயின் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்ச் சொருகினோம். திரையில் டப்பாவைச் செய்தவன் பேர் இங்கிலீஷில் வந்தது. எவனோ ஒருவன் பேர் நமக்கு எதற்கு, மாற்றிவிடு என்றேன்.

"இன்னா பேர் வைக்கணும் ஆயா?"

"நம்ம போட்டு மேல கீதே, அந்தப் பேரு."

"எந்த போட்டு?"

"எங்க வூட்டு போட்டும்மா."

"அதுல இன்னா எழுதிக்கீது?"

அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றே கேட்கிறாள். பக்கத்து வீட்டு மனோரமா வாசல்படியில் கூடையை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "கட்னவரு பேரை அவ வாயால சொல்ல மாட்டாடி. அவரு செத்து இத்தினி வருசம் ஆச்சு, இன்னும் வெக்கம். வேதாசலம்னு அடி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். எங்கே போனாலும் அந்தப் பேரை எனக்காகச் சொல்வது அவள்தான். ரேஷன் கடையிலும் அவள்தான், ஆஸ்பத்திரியிலும் அவள்தான்.

உனக்கும் அந்தப் பேரைத்தானே வைத்தார்கள். அதனால்தான் நீ பிறந்த அன்றிலிருந்து எனக்கு நைனா. இந்தக் கவரின் மேல் விலாசம்கூடச் சுபஸ்ரீ எழுதியது.

சந்தேகம் அதில்லை. அவள் கடையில் டப்பாவின் பேருக்குப் பக்கத்தில் ஈ என்று ஒரு இங்கிலீஷ் எழுத்து வந்தது. பஞ்சாயத்து ஆபீசில் சொருகினால் ஜி என்று வருகிறது. பள்ளிக்கூடத்து லேப்டாப்பில் எழுத்தே இல்லை, அங்கே பேரை மாற்றவும் விடமாட்டேன் என்கிறது. ஒரே டப்பாவுக்கு வீட்டுக்கு வீடு ஒரு எழுத்தா? உன்னிடம் வந்து சேரும்போது நாங்கள் வைக்கிற பேர் இருக்குமா, போய்விடுமா?

மடவைக் கருவாடு போட்டு வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் ஆயா,
பவுனம்மாள்


ஐதராபாத்
25.6.2024

அன்புள்ள ஆயா,

உன் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு கையெழுத்தா என்று ஆச்சரியப்பட்டார்கள். தமிழ் தெரியாதவர்கள்கூடத் தடவிப் பார்த்தார்கள்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். ஈ, ஜி என்பதெல்லாம் டப்பாவின் பேர் இல்லை. அது அந்தந்தக் கம்ப்யூட்டர் தன் வசதிக்குக் கொடுக்கும் எழுத்து. கல்யாண வீட்டுக்குப் போனால் உட்கார ஒரு நாற்காலி காட்டுவார்கள் இல்லையா, அதுமாதிரி. எழுந்து வந்துவிட்டால் அது நம் நாற்காலி இல்லை. அடுத்த வீட்டில் வேறு நாற்காலி.

பேர் அப்படி இல்லை ஆயா. அது டப்பாவுக்கு உள்ளேயே எழுதப்படுகிறது. எங்கே கொண்டுபோனாலும் கூடவே வரும். சுபஸ்ரீ கடையில் விண்டோஸ். அங்கே வலதுபக்கப் பொத்தானை அமுக்கி ரீநேம் கொடுத்தால் போதும். பள்ளிக்கூடத்தில் இருப்பது லினக்ஸ் என்று வேறு வகை. அங்கே டப்பா வேலையில் இருக்கும்போது பேர் மாற்ற விடாது. ஒயரைப் பிடுங்காமல், "இதை விடு" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு அப்புறம் மாற்ற வேண்டும். படகைக் கரையேற்றிவிட்டுத்தானே பேர் எழுதுவோம், அப்படி வைத்துக்கொள். என்னிடம் இருப்பது ஆப்பிள். இதில் பேர்மேல் ஒரு தட்டு, பிறகு எண்டர். மற்றதில் எண்டர் அமுக்கினால் கதவு திறக்கும். இதில் பேர் மாற்றட்டுமா என்று கேட்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

தானாக எதுவும் மாறாது. யாராவது உட்கார்ந்து தட்டினால்தான் மாறும். அப்படியே மாற்றினாலும் உள்ளே இருப்பது எதுவும் கெடாது. கவலையே வேண்டாம்.

ஆபீசில் கடலோர வேலை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. நான் பழவேற்காட்டுப் பையன் என்று தெரிந்ததும் என் மேனேஜருக்குச் சந்தோஷம். இது நன்றாக முடிந்தால் என்னை நிரந்தரம் ஆக்குவார்கள் போல இருக்கிறது. வேண்டிக்கொள்.

அன்புடன்,
வேதாசலம்


சங்குத்திட்டு
3.9.2024

என் நைனாவுக்கு,

ஆயா நலம். உன் கடிதத்தை ஏலக்கரையில் படித்தேன். நாற்காலி கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். "பவுனு பேரன் பேசற மாரியே எழுதறான்டி" என்றார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்.

டப்பா நிறைந்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு வருகிறது. யாரும் முதலில் வரமாட்டேன் என்றார்கள். எங்கள் மூஞ்சியை யார் யார் பார்ப்பார்களோ, நாளைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு இடத்தில் வேலை கேட்டுப் போனால் இதைக் காட்டித் துரத்துவார்களோ என்று பயம். நான் வீடு வீடாகப் போனேன். இது என் பேரன் கைக்குப் போகிறது, கூட்டம் நடக்கிற அன்றைக்குத்தான் வெளியே வரும், அதுவரைக்கும் வேறு கண் படாது, நான் பொறுப்பு என்று சொன்னேன். அதற்கப்புறம்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

மனோரமா பேசியதைக் கேட்டால் நீ அசந்துபோவாய். சுபஸ்ரீ போனைத் தூக்கிப் பிடித்ததும் சேலையைச் சரி பண்ணிக்கொண்டு ஆரம்பித்தாள். "என் புள்ளைக்கு வேலை குடுத்தா வேணாம்னா சொல்லப் போறேன்? ஆனா ஏரியோட வாயைக் கெடுத்துட்டு எனக்கு இன்னாத்துக்குடா அந்த வேலை? கடல் தண்ணி உள்ள வரலன்னா எறா ஏது, நண்டு ஏது? அவன் மாசம் ஒரு தபா சம்பளம் வாங்குவான், நான் தெனம் அடுப்பு மூட்டணுமே, இன்னாத்தப் போட்டு மூட்டுவேன்?" என்று கேட்டாள் பார், உங்கப்பனே கை தட்டினான்.

கடைசியில் என்னையும் உட்கார வைத்தார்கள். எனக்கு உன் ஞாபகம்தான். "என் பேரன் கம்பெனியில் வேலை செய்கிறான். எனக்குப் பெருமைதான். கம்பெனிச் சோறுதான் அவன் சாப்பிடுகிறான்" என்று ஆரம்பித்தேன். பிறகு, "ஆனால் அவனைப் படிக்க வைத்தது இந்த ஏரி. முகத்துவாரத்தில் வலை போட்டுத்தான் அவன் தாத்தா அவனுக்குச் சிலேட்டு வாங்கினார். அதை மூடினால் நான் அவனுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்று முடித்தேன். கொஞ்சம் அழுதுவிட்டேன். அதை வெட்டிவிடு. மற்றதை வெட்டாதே.

சுபஸ்ரீ டப்பாவுக்குப் பேர் வைத்துவிட்டாள். தமிழிலேயே வைத்திருக்கிறாள். நம் படகுக்கு உன் தாத்தா பேர் எழுதிய அன்று எப்படி மஞ்சள் தண்ணி தெளித்துக் கற்பூரம் காட்டினோமோ அதுபோலக் காட்டலாம் என்று மனோரமா கேலி பண்ணினாள். காட்டியும் விட்டாள். கரண்டு பொருள் ஆச்சே என்று சுபஸ்ரீதான் தண்ணி தெளிக்க விடவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு வருகிறேன் என்றாய். வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் பங்குக் கூழை மனோரமாவின் மாடு குடித்தது.

உன் ஆயா,
பவுனம்மாள்


சங்குத்திட்டு
5.12.2024

என் நைனாவுக்கு,

டப்பா வந்தது. கூட ஒரு வரிகூடக் காகிதம் இல்லை. வேலை நெருக்கடி என்று உங்கப்பனிடம் போனில் சொன்னாயாம். நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள் என்றும் சொன்னாயாம். கேட்டதும் மாதா கோயிலிலும் விளக்கு, நம் கோயிலிலும் விளக்கு. தெருவில் எல்லோருக்கும் கேசரி கிளறிக் கொடுத்தேன்.

நீ செய்த படத்தைச் சுபஸ்ரீ கடையில் போட்டுப் பார்த்தோம். நன்றாக இருக்கிறது. நான் அழுததை நீ வெட்டவில்லை. சரி, இருக்கட்டும்.

ஆனால் டப்பாவின் பேர் மாறியிருக்கிறது நைனா. நாங்கள் வைத்த பேர் இல்லை. நாலே எழுத்து இருக்கிறது. படகு நம்பர் படித்துப் படித்து எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். பி, எல், கே, கடைசியில் ஏழு. சுபஸ்ரீ, "இது இன்னா ஆயா, ஏதோ ஆபீஸ் நம்பர் மாரி கீது" என்றாள். மனோரமா சும்மா இருப்பாளா? "பேரை அழிச்சு நம்பர் போட்டுக்கீறான். போட்டை வித்துட்டான்டி உன் பேரன்" என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நம் பக்கத்தில் வழக்கம் அதுதானே. படகைக் கைமாற்றினால் ஒழிய யாரும் பேரை அழிக்க மாட்டார்கள். கரையில் பேர் மாறின படகைப் பார்த்தால் விலை என்ன என்று கேட்பதுதானே நம் ஜனங்கள். கூட இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள்.

என்னவென்று ஒரு வரி எழுது. படித்துக் காட்டிவிட்டால் அவர்கள் வாய் அடங்கும்.

ஆயா


ஐதராபாத்
16.12.2024

அன்புள்ள ஆயா,

இதற்கெல்லாம் போய்க் கவலைப்படலாமா? எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது. தமிழ்ப் பேரைப் பார்த்தால் கட்டம் கட்டமாகக் காட்டும். அதனால் சொருகியதும் அதுவாகவே ஒரு நம்பரை வைத்துக்கொண்டது. எல்லா டப்பாவுக்கும் அப்படித்தான். சுபஸ்ரீயிடம் சொல்லிப் பழைய பேரைப் போட்டுக்கொள். ஒரு நிமிட வேலை.

பேர்தானே ஆயா. உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறதா இல்லையா?

பொங்கலுக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. உனக்கு ஒரு நல்ல போன் வாங்கி அனுப்பப் போகிறேன்.

அன்புடன்,
வேதாசலம்


சங்குத்திட்டு
11.1.2025

என் நைனாவுக்கு,

உன் கடிதத்தை ஏலக்கரையில் நின்று படித்தேன். சத்தமாகப் படித்தேன். "கம்ப்யூட்டருக்குத் தமிழ் வரலியாம், அதுவா பேரை மாத்திக்கிச்சாம்" என்றேன். "கண்ணாலம் கட்டி வந்த மருமவ மாரி அதுவா மாத்திக்கிச்சா?" என்றாள் மனோரமா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு அந்தப் பேச்சு போயிற்று. என் பேரன் சொன்னால் அதுதான் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நீ ஆனி மாதத்தில் எழுதிய கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். தானாக எதுவும் மாறாது, யாராவது உட்கார்ந்து தட்டினால்தான் மாறும் என்று அதில் எழுதியிருக்கிறாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது படித்தவளுக்கு இவ்வளவுதான் புரியும், ஆபீஸ் கம்ப்யூட்டர் வேறு மாதிரியாக இருக்கும் என்று மடித்து வைத்துவிட்டேன்.

சுபஸ்ரீ பழைய பேரைப் போட்டுவிட்டாள். மாசியில் கூட்டம். நீ வந்து நின்றால் எனக்கு எவ்வளவு பலம். வரப் பார்.

ஆயா,
பவுனம்மாள்


சங்குத்திட்டு
27.2.2025

நைனா,

பத்துத் தடவை போன் போட்டாயிற்று. அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்தது. பொன்னேரியில் கல்யாண மண்டபம் நிறைய ஜனம். நம் பெண்கள் எல்லோரும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தோம். நான் முதல் வரிசை. மடியில் டப்பா. மனோரமா என் பக்கத்தில். கம்பெனிக்காரர்கள் முதலில் பேசுவார்கள், பிறகு அவர்கள் ஒரு படம் போடுவார்கள், அப்புறம்தான் நாம் என்றார்கள்.

கழுத்தில் அட்டை மாட்டிய பையன் ஒருவன் அவனுடைய கம்ப்யூட்டரைத் திறந்தான். அதில் தெரிவதெல்லாம் மேலே பெரிய திரையிலும் தெரிந்தது. அவன் ஒரு டப்பாவைச் சொருகினான். நம் டப்பா மாதிரியே இருந்தது. திரையில் வரிசையாகப் பேர்கள் வந்தன. கடைசிப் பேர் பி, எல், கே, ஏழு.

அதைச் சுபஸ்ரீயும் பார்த்தாள். மனோரமாவும் பார்த்தாள். நம்முடையது என் மடியில்தானே இருக்கிறது, இது வேறு ஏதோ என்று நான் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

படம் ஓடியது. முதலில் ஏரியைக் காட்டினார்கள். பிறகு மனோரமா வந்தாள். நம் சுபஸ்ரீ எடுத்ததுதான். அதே சேலை, பின்னால் என் வீட்டுச் சுவர். "என் புள்ளைக்கு வேலை குடுத்தா வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றாள். அங்கேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்து இன்னொருத்தி, பாதிப் பேச்சு. இன்னொருத்தி, பாதிப் பேச்சு. கடைசியில் நான். "என் பேரன் கம்பெனியில் வேலை செய்கிறான். எனக்குப் பெருமைதான்." நான் திரை அகலத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். பாட்டுப் போட்டுப் படத்தை முடித்தார்கள்.

பின்னால் ஆம்பிளைகள் கத்தினார்கள். நம் பெண்கள் கத்தவில்லை. அத்தனை பேரும் திரையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மனோரமா என் மடியிலிருந்து டப்பாவை எடுத்துச் சுபஸ்ரீயிடம் கொடுத்தாள். "எங்க மூஞ்சி போனது போதும். இதையும் போட வேணாம்னு சொல்லு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னாள்.

அப்புறம் நடந்ததை இப்போது எழுத மாட்டேன். நீ முதலில் பதில் எழுது. ஒரே கேள்விதான். கொடுத்தது நீயா?

இல்லை என்று எழுது. கம்ப்யூட்டர் தானாகக் கொடுத்தது என்றாவது எழுது. அதையும் ஏலக்கரையில் நின்று படிக்கிறேன்.

ஆயா


ஐதராபாத்
14.3.2025

அன்புள்ள ஆயாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் ஆகிவிட்டது.

நான்தான் கொடுத்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எங்கள் ஆபீஸ் மற்ற கம்பெனிகளுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஆபீஸ். எனக்கு வந்த கடலோர வேலை அந்தத் துறைமுகத்துக்கான அறிக்கைதான். ஊர் ஜனங்களின் கருத்து வேண்டும், யாரும் பேச மறுக்கிறார்கள், உன் ஊர்தானே என்று மேனேஜர் கேட்டார். என்னிடம் வீடியோ இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்பார்கள், அப்போதாவது உங்கள் குரல் அவர்கள் காதில் விழட்டுமே என்றுதான் நினைத்தேன். வெட்டியது நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை.

எங்கள் ஆபீசில் எந்த வேலைக்கு எந்த நம்பரோ அதைத்தான் டப்பாவுக்கும் வைப்பார்கள். உன் டப்பாவுக்கு அந்த நம்பரை நான்தான் தட்டினேன். வேறு டப்பாவுக்கு நகல் எடுத்தார்கள், அதற்கும் அதே நம்பர். உனக்குத் திருப்பி அனுப்பும்போது பழைய பேரைப் போட மறந்துவிட்டேன். அது என் தப்பு.

நான் எவ்வளவு கஷ்டப்பட்டு இந்த இடத்துக்கு வந்தேன் என்று உனக்குத்தான் தெரியும். முடியாது என்று சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். சித்திரையில் வருகிறேன். மனோரமா அத்தையிடம் நானே பேசுகிறேன். உனக்கு வாங்கிய போன் இதோடு வருகிறது. பேர் மாறினதால் நம் உறவு மாறிவிடுமா ஆயா? நான் உன் நைனாதானே.

வேதாசலம்


சங்குத்திட்டு
22.3.2025

வேதாசலத்துக்குப் பவுனம்மாள் எழுதுவது.

மேலே உள்ள பேரைப் பார்த்து நீ திடுக்கிட்டிருப்பாய். எழுதும்போது எனக்கும் கை நின்றது. ஆனால் முன்பு இருந்த அளவு கஷ்டம் இல்லை. ஒரு தடவை வாயால் சொல்லியாகிவிட்டது.

அன்றைக்கு நடந்த மீதியைச் சொல்கிறேன். படம் முடிந்ததும் நான் எழுந்து மைக்குக்குப் போனேன். அங்கே ஒருவர் உட்கார்ந்து பேசுகிறவர்களின் விவரம் எழுதிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"பவுனம்மாள்."

"ஊரு?"

சொன்னேன்.

"வூட்டுக்காரர் பேரு?"

நான் திரும்பி மனோரமாவைப் பார்த்தேன். பழக்கதோஷம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லும்மா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றார் அவர். நான் மைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வேதாசலம் என்றேன். அது ஸ்பீக்கரில் போய் வெளியே பந்தல் வரைக்கும் கேட்டது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை அங்கே, அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன். உங்கப்பன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புறம் சொன்னேன்: "இப்போ படத்துல சிரிச்சிக்கினு நின்னவ நான்தான். பாதிப் பேச்சை வெட்டிட்டாங்க. மீதி இதுதான், எழுதிக்கோங்க." உன் தாத்தா வாங்கிய சிலேட்டைச் சொன்னேன். அழவில்லை. நான் இறங்கும்போது என் பின்னால் மனோரமா நின்றிருந்தாள். அவளும் தன் மீதியைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். மைக்கைக் கண்டு ஒருத்தியும் பயப்படவில்லை. உன் படம் இல்லாமலேயே பேசினார்கள். என்ன முடிவு வரும் என்று யாருக்கும் தெரியாது.

மனோரமா என்னோடு இன்னும் பேசவில்லை. ஏலக்கரையில் அவள் கூடை அந்தக் கோடியில், என் கூடை இந்தக் கோடியில். உன்னிடம் பேச அவளுக்கு ஒன்றும் இல்லை. என்னிடம்தான் இருக்கிறது. வீடு வீடாகப் போய் நான் பொறுப்பு என்று சொன்னவள் நான்தானே. அதனால் சித்திரையில் வந்து அவள் வாசலில் நிற்காதே.

நீ வேலைக்குப் பயந்து கொடுத்ததைக்கூட ஒரு நாள் நான் விழுங்கிவிடுவேன். பசி எனக்குத் தெரியாததா? கம்ப்யூட்டர் தானாகப் பேரை மாற்றியது என்று எழுதினாயே, அதை விழுங்க முடியவில்லை. அந்தப் பொய்யை நீ எனக்கு மட்டும் எழுதவில்லை. படித்துக் காட்டத்தான் கேட்கிறேன் என்று தெரிந்தே எழுதினாய். என் வாயால் அதை அத்தனை பேருக்கும் சொல்ல வைத்தாய். அவர்கள் சிரித்துவிட்டு நம்பினார்கள். கம்ப்யூட்டரை நம்பவில்லை, என்னை நம்பினார்கள்.

இப்போதும் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்கிறாய்.

பேர் மாறினால் உள்ளே இருப்பது மாறாது என்று எழுதினாய். அது சரியாகத்தான் இருக்கும். பேர் அப்படியே இருக்கும்போது உள்ளே இருப்பது மாறிப்போகுமே, அதை நீ எனக்கு எழுதவில்லை.

டப்பாவைச் சுபஸ்ரீயிடம் கொண்டுபோனேன். பேரை எடுத்துவிடு என்றேன். "எடுத்துட்டு இன்னா பேர் ஆயா போடணும்?" என்றாள். ஒன்றும் வேண்டாம், காலியாக விடு என்றேன். விட்டாள். இப்போது அதற்குப் பேர் இல்லை. அவள் கடையில் சொருகினால் ஈ, பஞ்சாயத்து ஆபீசில் சொருகினால் ஜி. யார் வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்காரன் காட்டுகிற நாற்காலி. உன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

படகில் உள்ள பேரை அழித்துவிடலாமா என்று உங்கப்பன் கேட்டான். வேண்டாம் என்றேன். அது உன் பேர் இல்லை. அவருடையது. நாங்கள் ஒன்றும் விற்கவில்லை.

போனை உங்கப்பன் திருப்பி அனுப்புவான். பிரிக்கவில்லை. ஊருக்கு வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. இது உன் அப்பன் வீடு, கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் வந்து நின்றால் உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய பேர் வாய்க்கு வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

இந்தக் கவரின் மேல் விலாசம் என் கையெழுத்து. சுபஸ்ரீயைக் கேட்கவில்லை.

பவுனம்மாள்